வேலி எடுத்த எண்

என் பெயர் இமாஸ் ரோஹாயாத்தி, வயது நாற்பத்தெட்டு, கணவர் காலமாகிவிட்டார், பாண்டுங் நகரம் சிசெண்டோவில் மகள் விந்தாவுடன் குடியிருக்கிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பார்வையற்ற மசாஜ் தொழிலாளர் சங்கத்தில் பிரெய்ல் அச்சுக்கான கோப்புகளைக் கணினியில் தயாரிப்பது என் வேலை. புகார் கொடுத்துள்ள ஓமான் சுகந்தாவும் பார்வையற்றவர், சங்க உறுப்பினர். அவருடைய மகனுக்குத்தான் என் மகளை நிச்சயம் செய்திருந்தோம். உறுப்பினர் அட்டையில் அவரைப் பன்றி என்று நான் அச்சடித்ததாகச் சொல்வது பொய்.

எங்கள் எழுத்தில் எண்ணுக்கென்று தனி வடிவம் இல்லை. ஏ, பி, சி என்ற எழுத்துகளே ஒன்று, இரண்டு, மூன்று. முன்னால் எண்குறி ஒன்றை வைத்தால் எண், வைக்காவிட்டால் எழுத்து. இப்போது கணினியில் ஒவ்வொரு புள்ளிக்கோலத்துக்கும் தனிக் குறியீடு கொடுத்துவிட்டார்கள். ஆனால் சங்கத்தின் அச்சு இயந்திரம் கிழம், அதற்குப் பழைய முறைதான் தெரியும். ஒவ்வொரு கோலத்துக்கும் பதிலாக விசைப்பலகையில் உள்ள ஒரு குறியைத் தட்ட வேண்டும். எண்குறிக்கு #. அதை எங்கள் ஊரில் வேலி என்போம். ஓமானின் உறுப்பினர் எண் 2129. அதாவது வேலி, பிறகு பி, ஏ, பி, ஐ. வேலி போய்விட்டால் மிஞ்சுவது பாபி, எங்கள் மொழியில் பன்றி. அந்தச் சொல்லை இங்கே யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

நான் எல்லா எண்களுக்கும் வேலி வைத்துத்தான் கோப்பைச் செயலாளர் யயாட்டிடம் கொடுத்தேன். அவருக்குப் பார்வை உண்டு, பிரெய்ல் தெரியாது. அதன் பிறகு அட்டைகள் அச்சாகி வந்து, கூட்டத்தில் வழங்கப்பட்டன. ஓமான் எல்லோருக்கும் கேட்கும்படி விரலால் தடவிப் படித்தார். "ஓமான்... சுகந்தா... பாபி." யாரோ, "அட, அட்டையே சொல்லிடுச்சுப்பா!" என்றதும் கூடமே சிரித்தது. மற்றவர்களின் அட்டையிலும் இதே பிழைதான், ஆனால் அவை அர்த்தமில்லாத எழுத்துகளாக இருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதற்கு முந்தைய வாரம் விருந்தில் அவர் மூன்றாவது வாழையிலை மீன்பொதியைப் பிரித்தபோது, "சம்பந்தி, இலையையாவது விட்டு வையுங்க" என்று நான் கேலி செய்தது உண்மை. அதை வைத்து, "அன்னிக்கு வாயால சொன்னா, இன்னிக்கு அச்சடிச்சே குடுத்துட்டா! இந்தச் சம்பந்தமே வேணாம்" என்று சொல்லிவிட்டு நேராகக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறார். அதன் பிறகு போலீசார் என் கோப்பைத் திறந்து, அவர் பெயருக்குப் பக்கத்தில் வேலியும் பாபியும் இருப்பதைத் திரையில் பார்த்து, இதுவே சாட்சி என்றார்கள். கண் இருப்பவர்கள் அதை எண்ணாகப் படிக்க மாட்டேன் என்றால் நான் என்ன செய்ய?

அதன் பிறகு யயாட் அழைத்துவரப்பட்டார். "ஃபேஸ்புக்ல போடுற மாதிரி ஃபைல் பூரா வேலி கெடந்துச்சும்மா. அசிங்கமா இருக்கேன்னு எல்லாத்தையும் ஒரே தட்டுல எடுத்துட்டேன்" என்றார். "கேக்குறதுக்கு வாய் இல்லையா உங்களுக்கு? என் பொண்ணு மூணு நாளா சோத்துல கை வைக்கல!" என்றேன்.

அதன் பிறகு என் பையில் இருந்த பிரெய்ல் எழுதும் சட்டத்தில் தாளை வைத்து, ஓமானின் எண்ணை வேலியோடு ஊசியால் குத்தி, அடுத்த பெஞ்சில் இருந்த அவர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை தடவிப் பார்த்தார். "இது என் நம்பர்தான். தப்பு உன்னுது இல்ல. ஆனா அன்னிக்கு அத்தன பேரும் சிரிச்சாங்களே, அதுக்கு எந்த வேலியம்மா போடுவ?" என்றார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார், கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மேலே உள்ளவை யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொன்ன உண்மைகள். எழுதி முடித்ததும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. படித்த காவலர் ஓமானின் பெயருக்குப் பிறகு அந்தச் சொல்லைப் படித்தபோது பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். ஓமான் எழுந்து வெளியே போனார். அந்தச் சிரிப்பையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டேன், எழுதப்பட்டது.

இடது பெருவிரல் ரேகை: இமாஸ் ரோஹாயாத்தி