வேட்டுப் போட இடம் தேடிய பயணம்

தலைமை நாற்காலிக்குத் தகுதி தந்து அமர்ந்திருக்கும் பெருந்தகை அப்துல் ஹமீது அவர்களே! அபிராமம் படிப்பகத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காத்துவரும் கருணைப் பெரியோர்களே! பாய் கிடைக்காமல் மணலிலே அமர்ந்து, அந்த மணலுக்கும் மரியாதை சேர்த்திருக்கும் மாண்புடையீர்! மிளகாய்க் களத்திலிருந்து கைகூடக் கழுவாமல் ஓடிவந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட அருமை அன்னையரே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம். தாய்மார்களே, ஒரு வேண்டுகோள். கதை கேட்டுக் கண் கலங்கினால் அந்தக் கையால் துடைத்துவிடாதீர்கள், எரியும்.

தலைவர் எனக்கு இட்ட தலைப்பு, 'காற்றாடும் கடற்சீமை'. தலைப்பைத் தந்ததோடு கையில் மணியையும் வைத்துக்கொண்டிருக்கிறார். அடிக்கட்டும். நானும் ஆண்டுக்கணக்காக மணியோசை கேட்டு மேடையேறியவன், மணியோசை கேட்டு இறங்கியவன் இல்லை.

நம் சீமையைப் பற்றி வெளியூர்க்காரன் என்ன சொல்கிறான்? தண்ணியில்லாக் காடு என்கிறான். உத்தியோகத்தில் ஒருவன் மேல் கோபம் வந்தால், தூக்கியடி ராமநாதபுரத்துக்கு என்கிறான். ஏனய்யா, நாங்கள் என்ன சிறைச்சாலையா நடத்துகிறோம்? வறண்ட பூமிதான், மறுக்கவில்லை. வாடைக்காற்று வீசினால் வாய் திறந்தவன் வாயெல்லாம் மணல்தான், அதையும் மறுக்கவில்லை. ஆனால், காசியிலிருந்து கால்தேய நடந்து வந்தவர்க்கெல்லாம் கஞ்சி ஊற்றிக் காத்தது எந்தச் சீமை? சேதுவைக் காத்த மன்னர்கள் சாலை போட்டுச் சத்திரம் கட்டியது எந்தச் சீமை? கீழக்கரையிலே பாய் விரித்துக் கீழ்த்திசை எல்லாம் முத்தும் சங்கும் கொண்டுபோய் விற்றது எந்தச் சீமை? இந்தச் சீமை! மனிதன் மாற்றலாகி வர அஞ்சும் இந்த மண்ணுக்கு, மாற்றல் உத்தரவே இல்லாமல் மனமுவந்து வருகிற விருந்தாளிகள் உண்டு. அவர்கள் சிறகுள்ளவர்கள். நம் கண்மாய்க் கருவேல மரங்களில் வந்து குடியேறுகிற பறவைகளைத்தான் சொல்கிறேன்.

முதுகுளத்தூருக்குத் தெற்கே நாரைக்குடி என்று ஒரு சிற்றூர். நான் பெண்ணெடுத்த ஊர், அதனால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். ஐப்பசியில் மழை இறங்கிக் கண்மாய் நிறைந்துவிட்டால், கூழைக்கடா வரும், நத்தைகுத்தி நாரை வரும், கரண்டிவாயன் வரும், கிளைக்குக் கிளை கூடு கட்டும். முதல் பறவை முதல் சுள்ளியைக் கொண்டுவந்து வைத்த அன்றிலிருந்து, கடைசிக் குஞ்சு பறந்து போகிற வரைக்கும், அந்த ஊரில் வேட்டுச் சத்தம் கிடையாது. தீபாவளிக்குக் கிடையாது, கல்யாணத்துக்குக் கிடையாது. செத்தவனுக்குக்கூட எல்லையைத் தாண்டிய பிறகுதான் கொட்டு. ஏன்? சத்தம் கேட்டால் தாய்ப்பறவை வெருண்டு எழும், எழுந்தால் முட்டை உருளும், குஞ்சு தவறித் தண்ணீரில் விழும். எழுதி வைத்த சட்டம் இல்லை, எட்டிப் பார்க்கும் போலீஸ் இல்லை. ஆனாலும் மீறியவன் இல்லை.

என்ன அய்யா பின்னால் முணுமுணுப்பு? பறவையின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம், அதற்காகத்தான் காக்கிறார்கள் என்கிறீர்களா? சரி, இருக்கட்டும். ஆதாயத்துக்காகவாவது அன்பாயிருக்கிற மனிதன் எனக்குக் கெட்டவனாகத் தெரியவில்லை.

இந்த ஊரிலேதான் வந்தது ஒரு வம்பு. பூமயில் என்று ஒரு தாய், என் மனைவிக்கு மாமன் மகள், எனக்கு அக்கா முறை வைத்து அழைக்கிற உரிமை. அவளுடைய ஒரே மகன் நாகநாதன் பிழைக்கப் போனது ரங்கூனுக்கு. அரிசி ஆலையிலே வேலை. யுத்தம் வந்தது, ரங்கூனில் குண்டு விழுந்தது, பிறகு அவனிடமிருந்து சேதியே இல்லை. ஊரெல்லாம் அவனுக்குத் தலைமுழுகச் சொன்னது. அவள் முழுகவில்லை. எல்லைக் கருப்பன் முன்னால் போய் நின்று, என் மகன் உயிரோடு இந்த மண்ணை மிதித்தால், மிதித்த அந்த மாதம் கழிவதற்குள் அவன் கையாலேயே நூற்றியொரு வேட்டுப் போடவைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள்.

வந்தான் மகன்! நாடு விடுதலை பெற்ற ஆண்டின் மார்கழியிலே, நாகப்பட்டினத்தில் கப்பலிறங்கி, மெலிந்து, கறுத்து, நடந்து வந்தான். கட்டிப்பிடித்து அழுது முடித்த மறுகணம் அக்காவுக்கு நினைவு வந்தது நேர்த்திக்கடன். மார்கழி என்றால் கண்மாயில் எப்படியிருக்கும்? கூட்டுக்குக் கூடு குஞ்சு! பங்குனியில் பறவை போனபின் போட்டுக்கொள்ளலாம், சாமியிடம் தவணை கேள் என்று ஊர் சொன்னது. அதற்கு அவள் திருப்பிக் கேட்டாள்:

"நான் கேட்டப்ப கருப்பன் தவணை சொன்னானா?"

ஆக, ஊரில் வேட்டுப் போட முடியாது, போடாமலும் இருக்க முடியாது. என்ன வழி? ஊர் எல்லைக்கு வெளியே போய், உயிர்களுக்கு இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்துப் போடுவது என்று முடிவாயிற்று. வேட்டுக்குழாய்களையும் கருமருந்தையும் மாட்டுவண்டியில் ஏற்றினோம். வண்டியோட்டக் கூத்தையா, கூடவே அக்கா, அவள் மகன், வழி தெரிந்தவன் என்ற பெயரில் நான். சேதுநாட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று நானாகத்தான் தொற்றிக்கொண்டேன்.

முதலில் ஒரு பனங்காடு. பார்த்தால் ஆளரவமில்லாத அருமையான இடம். குழாயை இறக்கப் போகையில் நாகநாதன் நிமிர்ந்து பார்த்து, பனைப்பொந்திலே கிளி அடைகாக்கிறது மாமா என்றான். ஆமாம், பச்சை மூக்கு நீட்டிப் பார்க்கிறது. சிவப்பு மூக்கு என்கிறீர்களா அம்மா? சரி, சிவப்பு மூக்கு. பேச்சு வேகத்தில் கிளிக்கே வண்ணம் மாறிவிட்டது, மன்னியுங்கள். கிளப்பு வண்டியை என்றேன்.

அடுத்து வாலிநோக்கத்து உப்பளம். அங்கே வாடை அடித்த அடியில் கூத்தையாவின் தலைப்பாகை பறந்து போய், அதைத் துரத்திக்கொண்டு அவன் ஓடி, அவனைத் துரத்திக்கொண்டு மாடு ஓடியது. நின்ற இடத்திலே நாங்கள் கண்ட காட்சி! உப்புநீர் முழுக்கப் பூநாரை. நெட்டைக் கால், நீண்ட கழுத்து, நெஞ்சிலே இளஞ்சிவப்பு! எங்கிருந்து புறப்பட்டு எத்தனை கடல் தாண்டி வந்தனவோ, நம் தண்ணியில்லாக் காட்டுக்கு! வேட்டுப் போட்டால் அத்தனையும் எழுந்துவிடும் மாமா என்றான் நாகநாதன். எனக்கே கை வரவில்லை. அங்கிருந்தும் புறப்பட்டோம்.

சேதுக்கரை மணலுக்குப் போனோம். அங்கே கடற்பறவையான ஆலாக்கள் வரிசை கட்டி நிற்கின்றன, அலை நுனியில் உள்ளான் குருவிகள் ஓடுகின்றன. இப்படி எங்கே போனாலும் ஏதோ ஒன்று முட்டையிட்டுக்கொண்டோ மூச்சுவிட்டுக்கொண்டோ இருக்கிறது. எங்கே போனாலும் அதை முதலில் காட்டுகிறவன் நாகநாதன்தான். கூத்தையாவுக்குப் பொறுமை போய்விட்டது. இவனை வைத்துக்கொண்டு வேட்டுப் போட வேண்டுமென்றால் சந்திரனுக்குத்தான் வண்டி கட்ட வேண்டும் என்றான். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நாங்களும் அப்போது சிரித்தோம்.

மார்கழியோ முடியப் போகிறது. அக்காவின் முகம் வாடிவிட்டது. கடன் தீராவிட்டால் கொடுத்த பிள்ளையைக் கருப்பன் திரும்ப எடுத்துக்கொள்வான் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை அவளுக்கு. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் மண்டபத்தில் இருக்கும் என் நண்பர் காதர் மைதீனிடம் போனோம். கடலிலே பிறந்து கடலிலே நரைத்தவர். வாடைக்கு வடகடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது, தென்கடல் தூங்கிக்கொண்டிருந்தது. வெறும் மணல்திட்டு ஒன்று இருக்கிறது, நண்டுகூட வாடகைக்குத்தான் வரும் என்று சொல்லித் தம் வள்ளத்திலே எங்களை ஏற்றிக்கொண்டார்.

திட்டில் இறங்கினோம். மேற்கே பார்த்தேன், மணல். கிழக்கே பார்த்தேன், மணல். காக்கை இல்லை, குருவி இல்லை, ஒரு கால்தடமும் இல்லை. அக்காவின் முகத்திலே அன்றைக்குத்தான் வெளிச்சம். நாகநாதன் திட்டைச் சுற்றி வந்தான். மறுபடியும் சுற்றி வந்தான். மணலுக்குள் ஆமை முட்டை இருக்கும் என்றான். காதர் மைதீன் பொறுமையாக, கடல் பெருக்கு ஏறினால் இந்தத் திட்டே முழுகிப்போகும், அது ஆமைக்கும் தெரியும், இங்கே இடாது என்று விளக்கினார். குழாய்களை நட்டோம், மருந்தைக் கெட்டித்தோம். அக்கா தீப்பந்தத்தைப் பற்றவைத்து மகனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. தாயைப் பார்த்துச் சொன்னான்:

"இங்கன குருவி ஒண்ணும் இல்லத்தா. நான் இருக்கேன்."

எங்களுக்கு விளங்கவில்லை. அவனாகவே சொன்னான், தலையைக் குனிந்துகொண்டு. ஆலையில் ஒருநாள் பக்கத்தில் நின்ற கூட்டாளியோடு பேசிக்கொண்டிருந்தானாம். ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பேசிக்கொண்டிருந்த ஆள் இல்லை. அன்று முதல் எந்தச் சத்தம் கேட்டாலும், பக்கத்தில் இருப்பவர் இருக்கிறாரா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழியெல்லாம் அவன் பறவையைத் தேடிப் பிடித்தது பறவைக்காக மட்டும் இல்லை.

அக்கா கேட்டாள்:

"அதான் நான் கடுகு தாளிக்கிறப்பல்லாம் எந்திரிச்சு வெளிய போனியாய்யா? என் சமையல் பிடிக்கலையாக்கும்னுல்ல நெனச்சேன்."

தாய்மார்களே, கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள் என்று அப்போதே சொன்னேனே!

பூமயில் அக்கா பந்தத்தைக் கொண்டுபோய்க் கடலிலே முக்கினாள். மருந்தையெல்லாம் அள்ளித் தண்ணீரிலே விட்டாள். கருப்பனுக்குச் செய்த சத்தியத்தை மீறுகிறோமே என்ற பயம் அவளுக்கு இல்லாமலில்லை. ஆனாலும் தன் ஊர் இருக்கிற திசையைப் பார்த்து நிமிர்ந்து நின்று, சாமியோடு பேசினாள்.

"கருப்பா, கேட்ட பிள்ளையக் குடுத்திட்ட. வேட்டு நீ கேட்டதில்ல, என் வாயில வந்தது. அவனுக்கு ஆகாதது உனக்கு எதுக்கு? கோவமிருந்தா எம்மேல காட்டு. காட்டுறதைச் சத்தமில்லாமக் காட்டு."

காதர் மைதீன் இரு கைகளையும் ஏந்தித் துஆ கேட்டார்.

ஊர் திரும்பியதும் சாவடி முன்னால் ஊரைக் கூட்டினாள். ஒளித்து வைக்கவில்லை. மகனுக்கு நேர்ந்ததைச் சொன்னாள், தான் செய்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "குஞ்சு பறக்கிற வரைக்கும் சத்தம் கூடாதுங்கிறது நம்ம ஊருக் கட்டுப்பாடு. எம்பிள்ளை இன்னும் கூட்டுலதான் இருக்கான்" என்றாள். பெரியவர்கள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கலைந்து போனார்கள்.

அவையோரே! கடல் கடந்து போனவர்கள் இந்தச் சீமையில் எத்தனை வீட்டில் இல்லை? பர்மாவிலிருந்து திரும்பியவர், மலேயாவிலிருந்து திரும்பியவர், இலங்கையிலிருந்து திரும்பியவர்! என்ன கொண்டுவந்தாய் என்று பெட்டியைத் திறந்து பார்த்தோம். என்ன பட்டு வந்தாய் என்று ஒருவராவது கேட்டோமா? எந்தக் கிளையில் எந்த நாரை கட்டியிருக்கிறது என்று அறிந்த நமக்கு, ஒரே கூரையின் கீழ் உண்ணுகிறவன் உள்ளத்தில் என்ன இருக்கிறதென்று அறிய நேரமில்லாமல் போகலாமா? அணைகள் கட்டுகிறோம், ஆலைகள் கட்டுகிறோம், கட்டுவோம்! அதோடு, ஊரிலே அடிபட்டவன் ஒருவன் இருந்தால் அவனுக்காக ஊரே குரலைத் தாழ்த்துகிற பண்பையும் கட்டுவோம்! முடியுமா என்று கேட்பீர்கள். முடியும் என்பதற்கு நானே சாட்சி.

வைகாசியில் நாகநாதனுக்குக் கல்யாணம். பெண் சேதுலட்சுமி, உங்கள் அபிராமத்துப் பக்கம்தான். வைகாசி என்றால் கண்மாய் வற்றி வெடித்துக் கிடக்கும், மரத்திலே காலிக் கூடுகள், ஒரு பறவை கிடையாது. வேட்டுப் போடத் தடையே இல்லாத மாதம். பெண்வீட்டார் ஆசையாக வேட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லையிலே ஊர் திரண்டு நின்று மறித்தது. அன்று சாவடியில் வாய் திறக்காமல் போனார்களே, அதே பெரியவர்கள்தான் முன்னால் நின்றார்கள். வேட்டுகளை இங்கேயே இறக்கி வையுங்கள், ஊருக்குள் பறவை இருக்கிறது என்றார்கள். வந்தவர்கள் வெறுங்கண்மாயைப் பார்த்தார்கள், வெறும் மரத்தைப் பார்த்தார்கள், பறவை எங்கே என்று கேட்டார்கள்.

"உள்ள உக்காந்திருக்கு, மாலை போட்டுக்கிட்டு" என்றது ஊர்.

தாலி கட்டும்போது பெண்கள் விட்ட குலவை ஒன்றுதான் கேட்டது. மாப்பிள்ளை தலை நிமிர்ந்து சிரித்ததை நான் பார்த்தேன்.

தலைவர் மணியைத் தொட்டும் அடிக்காமல் விட்டுவிட்டார், அவருக்கு என் முதல் நன்றி. மணலிலே உட்கார்ந்து மனம் கொடுத்துக் கேட்ட உங்களுக்கு அடுத்த நன்றி. கைதட்ட நினைத்திருக்கும் அன்பர்களே, வேண்டாம், இன்று இப்படியே எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்களுக்காகக் காத்திருப்பவர் பக்கத்தில் சற்று உட்காருங்கள். வணக்கம்.