நான் கட்டிய பூ

காலை ஆறு பத்து. வியாழக்கிழமை. தலைக்கு மேலே பழைய மொபெட் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். கடலில் ஏது மொபெட்? அண்ணாந்து பார்க்கிறேன். கறுப்பாக, சின்னதாக ஒன்று இறங்குகிறது. டம். ஒரே ஒரு டம். பக்கத்துப் படகு நின்ற இடத்தில் புகை மட்டும் இருக்கிறது.

மறுபடி அந்த மொபெட் சத்தம்.

"இன்னொரு ட்ரோன் வருது! குதிங்கடா! குதிங்க!"

கத்தியது நான்தான். சுதாகர் குதிக்கவில்லை. என் மனைவி கோமதியின் தம்பி அவன். வயது இருபத்தாறு. வலையைப் பிடித்தபடி நிற்கிறான்.

"ஆத்தா பூ குடுத்துருக்கா மாமா. நமக்கு ஒண்ணும் ஆவாது."

அந்தப் பூவைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஊர் காரைக்கால்மேடு. என் படகு உடைந்து மூன்று மாதம் கரையில் கிடந்தேன். கோமதி கூடை சுமந்து மீன் விற்றாள். அந்தச் சோற்றைத் தின்றேன். வெட்கங்கெட்ட சோறு. அப்போதுதான் ஏஜெண்ட் வந்தான். வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. ரெண்டு ஆளாக வந்தால்தான் எடுப்பானாம். டிவியில் அந்தக் கடற்கரைதான் எரிந்துகொண்டிருந்தது. "சண்டையெல்லாம் கரையிலதாங்க, கடல்ல இல்ல" என்றான்.

சுதாகரைக் கூப்பிட்டேன், அவனுக்கு மனமில்லை. கோமதி ஒரேயடியாக வேண்டாம் என்றாள். நாலு நாள் வீட்டில் சண்டை. கடைசியில் அவளே சொன்னாள்.

"பூ போட்டுப் பாப்போம். ஆத்தா சொன்னா போவட்டும்."

எங்கள் ஊரில் எதற்கும் இதுதான் வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இலையில் சுற்றி, நாரால் கட்டி, அம்மன் முன்னால் போடுவோம். சின்னப் பெண் ஒருத்தி ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் அதோடு பேச்சு முடிந்தது.

பொட்டலம் கட்டியது நான். கோவில் கிணற்றடியில் தனியாக உட்கார்ந்து கட்டினேன். இரண்டிலும் வெள்ளை.

சின்னப் பெண் ஒன்றை எடுத்தாள். பிரித்தார்கள். வெள்ளை. கோமதி அழுதுகொண்டே தம்பி நெற்றியில் குங்குமம் வைத்தாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, கடலில் விட வேண்டும். அதையும் நானே கொண்டுபோய் விட்டேன்.

ஆறு பன்னிரண்டு. சுதாகர் சிரிக்கிறான். நான் படகின் விளிம்பில் நிற்கிறேன். "அந்தப் பூ பொய்யிடா" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். எனக்கு அந்த மூச்சு இருந்தது. சொல்லவில்லை. கோமதியின் முகம்தான் வந்தது. சொன்னால் அவளிடம் போய்ச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சாவு தலைக்கு மேல் வரும்போது ஒரு மனிதன் இப்படியும் நினைப்பான். சீ.

குதித்தேன். தண்ணீருக்குள் இருக்கும்போதே காது அடைத்துக்கொண்டது. மேலே வந்தபோது பலகைகள் மிதந்தன. டீசல் வாடை. "சுதாகரு! சுதாகரு!" என்று கத்தினேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. நான்கு மணி நேரம் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

திரும்பி வந்தேன். கோமதி என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அம்மனைத்தான் திட்டினாள். "பூவக் குடுத்து என் தம்பியக் கொன்னுட்டாளே பாவி" என்று கோவில் வாசலில் மண்ணை வாரி இறைத்தாள். பக்கத்தில் நின்றேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் அதே ஏஜெண்ட் பக்கத்து ஊரான பட்டினச்சேரிக்கு வந்திருக்கிறான். அங்கே இரண்டு பேர் வெள்ளிக்கிழமை பூ போட்டுப் பார்க்கப் போகிறார்களாம். போக நினைக்கிறவன் கையில் பொட்டலத்தைக் கொடுக்காதீர்கள்.

இழந்தவை. பக்கத்துப் படகில் ஐந்து பேர். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் படகில் ஒருவன். சுதாகர். உடல் கிடைக்கவில்லை. என் வலது காது. இடது கையில் இரண்டு விரல். அம்மனுக்குக் கோமதி தினமும் ஏற்றிவந்த விளக்கு.

இன்று சாயங்காலம் கூடையை இறக்கி வைத்ததும் இதை அவளுக்குப் படித்துக் காட்டுவேன். பிறகு அவளையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கும்.