வெள்ளைச் சுவரோரம் நின்றவர்

நட்டநடுப் பகலில் வெள்ளைச் சுவரைப் படம் எடுக்க டிஜிட்டல் கேமரா அவ்வளவாக உதவாது, சார். நிழலில் கிடப்பதை அப்புறம் கம்ப்யூட்டரில் கொஞ்சம் தூக்கிவிடலாம். வெளிச்சம் அளவு மீறிவிட்டால் அங்கே ஒன்றும் மிஞ்சாது, வெறும் வெள்ளைதான். பிலிம் அப்படியில்லை. கண் கூசுகிற வெளிச்சத்துக்குள்ளேயும் எதையாவது பிடித்து வைத்திருக்கும். கம்பத்தில் இதைப் பேச எனக்கு ஆள் கிடையாது. கல்யாண வீட்டுக்காரர்கள் ஆல்பம் எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள்.

அதனால் எனக்கு நானே ஒத்துப் பார்த்துக்கொள்வேன். ராயப்பன்பட்டி மாதா கோயில் திருவிழாவிலும் அப்படித்தான். மத்தியானம் சப்பரம் வாசலைத் தாண்டும்போது டிஜிட்டலில் ஒரு படம், அங்கேயே நின்று பழைய பிலிம் கேமராவில் ஒரு படம்.

அதே நேரத்தில்தான் கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் சுருளிராஜனை யாரோ வெட்டிப் போட்டார்கள். அவருக்கும் அவருடைய பங்காளி வேல்பாண்டிக்கும் தண்ணீர்த் தகராறு இருந்தது. வேல்பாண்டியைப் பிடித்தார்கள். ஜீப் ஓட்டுகிறவர். ராயப்பன்பட்டிக்குப் பூ இறக்கப் போயிருந்தேன், கோயில் சுவரோரம் நின்று சப்பரம் பார்த்தேன் என்றார். பூவை இறக்கிக்கொண்டவருக்கு முகம் நினைவில்லை. உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் என்னிடம் படம் கேட்டார். டிஜிட்டல் படத்தைக் கொடுத்தேன். அதில் சுவரும் அங்கே நின்றவர்களும் ஒரே வெள்ளை.

பிலிமை அடுத்த வாரம்தான் கழுவி ஸ்கேனரில் போட்டேன். சுவரில் காரை பெயர்ந்த இடம்கூடத் தெரிந்தது. அதை ஒட்டி வேல்பாண்டி, நெற்றியில் கையை வைத்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. மீசை நரை தனியாகத் தெரிந்தது. அவ்வளவு அருமையான ஸ்கேன் நான் அதற்கு முன்னால் செய்ததில்லை.

ஸ்டேஷனுக்குக் கிளம்பத்தான் சட்டையை மாட்டினேன். அதற்குள் அவர் மனைவி முனீஸ்வரி கடைக்கு வந்துவிட்டார். போலீஸிடம் கொடுத்த படத்தைத் தானும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு, டிஜிட்டல் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"நல்லாப் பாருங்கண்ணே. அவுக அங்கனதான் நின்னாகளாம்."

"ஒண்ணும் தெரியலையேம்மா. அடுத்த வாரம் வா, வேற மாதிரி பண்ணிப் பாக்குறேன்."

என் மனைவி இறந்த பிறகு அந்த நாற்காலியில் யாரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை, சார். தப்பான எண்ணம் எதுவும் கிடையாது. அண்ணே என்று கூப்பிடுகிற பெண்.

வாராவாரம் வந்தார். நானும் அந்த வெள்ளையைக் கொஞ்சம் இருட்டாக்கி, கொஞ்சம் சாம்பலாக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்த பிறகும் அவர் வருவது நிற்கவில்லை. மதுரை ஜெயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் கடையில் வந்து உட்காருவார். டீ வாங்கிக் கொடுப்பேன். வேல்பாண்டிக்குப் பல் விழுந்துவிட்டதையும், இப்போதெல்லாம் வாய் திறந்து பேசுவதே இல்லை என்பதையும் சொல்லுவார். பொறுமையாகக் கேட்டுக்கொள்வேன். யோசித்துப் பார்த்தால் அந்த வருஷங்களில் அவருக்கு ஆறுதலாக இருந்தது நான் ஒருவன்தான்.

போன தை மாதம் வந்தபோது அவர் திரைப் பக்கம் திரும்பவேயில்லை.

"இனிமே பாக்க என்ன இருக்குண்ணே. திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்."

டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. அப்புறம் வரவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டார். சாயங்காலமானால் ஒவ்வொரு மதுரை பஸ்ஸாக எட்டிப் பார்க்கிறேன்.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். வேல்பாண்டி கொலை செய்யவில்லை. அது எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நெகட்டிவை மட்டும் கொண்டு வரவில்லை. நீங்கள் ஆள் விட்டுத் தேடினாலும் கிடைக்காது. முனீஸ்வரிக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் கடைக்கு வந்து உட்காரட்டும், நானே எடுத்துக் காட்டுகிறேன்.