வசந்தி போட்ட கோல்

“நம்ம வசந்தி கோல் போட்டாலே எனக்கு வயிறு எரியுதுடி.”

ரேணிகுண்டாவிலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்த பெண் சொன்னாள். அவளும் பக்கத்தில் இருந்தவளும் ஒரே கால்பந்து ஜெர்சி போட்டிருந்தார்கள்.

“ஜெயிச்சது நம்ம டீமுதானே?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“ஆமா. ஆனா முன்னெல்லாம் நானும் அவளும் ரெண்டு ஃபார்வர்டு. கோச்சு ஃபார்மேஷன மாத்தி, ஒரு ஃபார்வர்டு போதும்னுட்டாரு. அவ முன்னால நின்னுக்கினு கோல் போடறா. நான் பின்னால ரைட் பேக்குலேர்ந்து ஓடி ஓடி பந்து குடுக்கறேன். ஃபோட்டோ எடுக்கறது அவளத்தான்.”

“உன் பாஸ் இல்லாம அவளுக்கு ஏது கோலு?”

“அத யாரு பாக்கறாங்க? பெஞ்சுல உக்காந்துக்கினு இருந்தியே, நீ பார்த்தியா?”

“பார்த்தேன். ஆட்டம் பூரா உன்னையேதான் பார்த்துக்கினு இருந்தேன்.”

“என்னை எதுக்குடி?”

“போன மாசம் வரைக்கும் ரைட் பேக்குல ஆடினது நான்தானே.”

ஜன்னலோரம் இருந்தவள் சட்டென்று திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“எனக்கு அது தோணவே இல்லடி.”

“வசந்திக்கும் தோணியிருக்காது.”