மாறிக் கிடக்கும் ரெண்டு சீட்டு

கைய எடுங்க சார். கண்ணாடி மூடியத் தொறந்தது சரி, இந்தக் கல்லு கண்காட்சிக்கு நீங்க ஜட்ஜு, சாவி உங்க கையில. ஆனா அந்த ரெண்டு பேர்ச்சீட்டும் இருந்த எடத்துலயே இருக்கட்டும்.

தெரியும் சார். மாறித்தான் கெடக்கு. இது ரோடோனைட்டு, அது ரோடோக்ரோசைட்டு. ரெண்டும் ரோஸ் கலரு கல்லு. இந்த புரோக்கன் ஹில்லு சொரங்கத்துல முப்பது வருஷம் வேல பாத்தவனுக்கு, அடிலெய்டுலேர்ந்து வந்து நீங்க சொல்லித்தான் தெரியணும்னு இருக்கு. சொல்லுங்க, எனக்கும் பொழுது போவணும்.

ஆமா, உங்க கையில இருக்கே, அந்தக் கத்திதான். கீறினா கோடு விழறது ரோடோக்ரோசைட்டு, விழாதது ரோடோனைட்டு. பேஷ். புஸ்தகத்துல படம் வேற போட்டிருப்பாங்களே.

எனக்கு ஒரு சந்தேகம் சார். எவன் இந்தப் பேரெல்லாம் வச்சது? எழுத்துக்கா பஞ்சம்? மேக்னடைட்டுன்னு ஒண்ணு, காந்தத்துல போய் ஒட்டிக்கும். மேக்னசைட்டுன்னு ஒண்ணு, சுண்ணாம்புக் கட்டியாட்டம் வெள்ளையா சும்மா ஒக்காந்திருக்கும். பைரைட்டு ஒண்ணு, பிர்ரோடைட்டு ஒண்ணு. வச்சவரு வீட்டுல பேரு சொல்லிக் கூப்பிட ஆளே இல்ல போல.

மார்க்கா? தாராளமா கொறைங்க. போன வருஷமும் கொறைச்சாங்க. பேரு தப்புன்னா கல்லு எவ்வளவு அழகா இருந்தாலும் கப்பு கெடையாது, அதானே கிளப்பு சட்டம்? அந்தக் கப்ப வச்சு நான் என்ன பண்ணப் போறேன், பீரா குடிக்கப் போறேன்?

இல்ல சார், கண்ணு நல்லாத்தான் தெரியுது. மறதியும் இல்ல. ரொம்ப அக்கறையா கேக்கறீங்க. ஷெர்லி, இவருக்கு ஒரு டீ குடும்மா, தொண்ட காஞ்சிடப் போவுது.

உங்களுக்கு முன்னாடி ஜட்ஜா இருந்தாரே நார்ம், அவரு உள்ளூர்க்காரரு. வருவாரு, பாப்பாரு, மார்க்கக் கொறைப்பாரு, சீட்டத் தொடாம மூடிட்டுப் போயிடுவாரு. இந்த வருஷம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். எங்க கெட்ட நேரம், உதவி பண்ற ஆளா பாத்து அனுப்பி வச்சிட்டாங்க.

ஆமா, வேணும்னுதான் மாத்தி வச்சேன். தப்பா வைக்கிறது லேசுன்னு நெனைச்சீங்களா? வருஷம் பூரா யோசிக்கணும் சார். மொதல்ல மேக்னடைட்டையும் மேக்னசைட்டையும் மாத்தி வச்சேன். ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெள்ளை. வாசல்ல படுத்திருக்கே அந்த நாய், அதுகூடச் சொல்லிடும். அப்புறம்தான் கை பழகிச்சு.

யாருக்காகன்னா... என் மக ரோவீனா. உங்க மாதிரி கல்லு படிச்சவ. படிக்க வச்சது நான்தான். படிச்சுட்டு நேரா எங்க சொரங்கக் கம்பெனி ஆபீசுல போய் ஒக்காந்தா. நான் யூனியன்காரன். எங்காளுங்கள வேலைய விட்டு அனுப்பினப்ப, அவ மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தா. அடிலெய்டுல அதெல்லாம் ஒரு விஷயமா இருக்காது. இங்க அப்படியில்ல. நான் ஒண்ணு சொன்னேன், அவ ரெண்டு சொன்னா. இனிமே உங்க வீட்டு கேட்டத் தாண்டமாட்டேன்னா. தாண்டல. வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். கறிக்கடையில எதிர்ல பாத்தா சாசேஜையே மொறச்சுக்கிட்டு நிப்பா. நான் நிக்கறது தெரியலையாம்.

ஆனா தப்பான பேரு ஒண்ணு கண்ணுல பட்டா அவளுக்குப் பொறுக்காது. சின்னப் புள்ளையிலேர்ந்தே அப்படி. கண்காட்சி ஞாயித்துக்கெழம மத்தியானம் வருவா. எல்லா மேசையும் சுத்திட்டுக் கடைசியா இங்க வருவா. டீ மேசையில இருக்கற ஷெர்லிகிட்ட சாவி வாங்கி சீட்ட மாத்தி வச்சிட்டு, எம் மூஞ்சியப் பாக்காம கண்ணாடியப் பாத்துத் திட்டுவா. முப்பது வருஷம் தோண்டினவங்களுக்கு இதுகூடத் தெரியலையேன்னு. நானும் டீ கேத்தலப் பாத்து பதில் சொல்லுவேன். வருஷத்துக்கு எங்க பேச்சு அவ்வளவுதான்.

தெரியாம இருக்குமா சார்? நான் வேணும்னு பண்றேன்னு அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அத வாய விட்டுச் சொல்லிட்டா, அப்புறம் ரெண்டு பேரும் எத வச்சுப் பேசறது?

போன வருஷம் பைரைட்டும் பிர்ரோடைட்டும். ரெண்டுல பிர்ரோடைட்டுதான் காந்தத்துல ஒட்டும். காந்தத்தக் காட்டினா தெரிஞ்சிடாதா அப்பான்னா. அந்தக் கடைசி வார்த்த வாய் தவறி வந்திருக்கும் போல. வெடுக்குன்னு மூடியச் சாத்திட்டுப் போயிட்டா. நான்தான் ரொம்ப நேரம் கேத்தலையே பாத்துக்கிட்டு நின்னேன். சந்தோஷம் சார், வேறென்ன.

அதான் இந்த வருஷம் இந்த ஜோடி. அவளுக்குக் கண்ணால பாத்தாலே தெரிஞ்சிடும். ஆனா கீறிப் பாக்காம சீட்ட மாத்தமாட்டா. அது நான் பழக்கினது. காந்தம்தான் அவ சாவிக் கொத்துல எப்பவும் தொங்கும். கத்தி என் பாக்கெட்டுல இருக்கு.

எங்கிட்டதான் கேக்கணும்.

மூடியச் சாத்துங்க சார், அவ வர்ற நேரமாச்சு. ஆங், உங்க கையில இருக்கற கத்தியப் பையில போட்டுக்கோங்க. உங்ககிட்ட வந்து கேட்டா இல்லைன்னு சொல்லிடுங்க.