கடேசி ஆளு கயித்த வுட்டது ஏன்

அட உக்காரு தம்பி, மல வரிக்கும் நின்னுகினேவா போவ? ரெண்டு பேரு தாராளமா உக்கார்ற சீட்டு. பைய மடில வெச்சிக்கோ. நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல. உன் பையில தொங்குதே இத்தினியூண்டு பொம்ம, தோளுல கயித்தப் போட்டுகினு, அது பதினாறு கைன்ற படத்துல வர்ற கடேசி ஆளுதான?

எனக்கு எப்டித் தெரியும்னா? ஏன், வாயில வெத்தல போட்டவளுக்கெல்லாம் அனிமே தெரியக்கூடாதுன்னு எதுனா சட்டம் போட்டுக்கீறாங்களா? மொதல்ல நானும் ஜப்பான் பொம்மப்படம்னுதான் சொல்லிகினு இருந்தேன். பொம்மப்படம்னு சொல்லாத அத்த, அனிமேன்னு சொல்லுன்னு அவதான் திருத்துவா.

யாரா? எங்கண்ணன் பொண்ணு. சின்னப்பொண்ணுன்னு கூப்புடுவோம். இருவத்தாறு வயசாவுது. இங்க கள்ளக்குறிச்சில ஒரு லேப்புல வேல, ரத்தம் எடுத்து டெஸ்ட்டு பண்ணுவா. வலிக்காம ஊசி குத்துவா, அத நானே சொல்லுவேன். போன வருசம் எனக்கு முட்டி ஆபரேசன் பண்ணி, ரெண்டு மாசம் அவங்க வூட்லதான் படுத்துகினு கெடந்தேன். அவ வேலைக்குப் போயிட்டு வந்து, தட்டுல சோத்தப் போட்டுகினு, போன்ல எத்தையோ பாத்து அழுவா. எவனோ ஏமாத்திட்டான்னு நெனச்சி மெல்ல எட்டிப் பாத்தேன். பாத்தா எட்டு பசங்க கயிறு இழுத்துகினு இருக்கானுங்க. இதுக்காடி அழுவறன்னு கேட்டேன். அவ மொத எபிசோட வெச்சி போன என் கையில குடுத்துட்டா.

அவ்ளோதான் தம்பி. ரெண்டு மாசம் போனதே தெரியல. மீன் புடிக்கற ஊரு, மூடப் போற இஸ்கூலு, மொத்தமே எட்டு பசங்க. வேற எந்த வெளையாட்டுக்கும் ஆள் பத்தலன்னு கயிறு இழுக்கற போட்டிக்குப் போறானுங்க. எங்கூர்ல பொங்கலுக்கு இழுக்கறானுங்க பாரு, அதேதான். கீழ எழுத்து ஓடும், எனக்கு இங்கிலீசு வராது, அவ பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லுவா. அப்றம் அப்றம் அவ சொல்லாமயே எனக்குப் புரிஞ்சிது.

நீ இன்னா இன்னா பாத்திருக்க, சொல்லு. அந்தக் கத்தி சண்டயா? அய்யய்யோ, அறுநூறு எபிசோடு. அவன் கத்திய ஓங்கறான், உடனே அவங்கம்மா கத வருது, அவங்க தாத்தா கத வருது, நாலு எபிசோடு கழிச்சிதான் கத்தி கீழ எறங்குது. அதுக்குள்ள நான் மாட்டப் புடிச்சிக் கட்டி, பால் கறந்து, சொசைட்டிக்கே ஊத்திட்டு வந்துடுவேன். புடிக்குமா உனக்கு? முன்னூறுக்கு மேல நல்லாக்குதா? அதுக்கு முன்னாடி இருக்கற முன்னூத்த எவன் பாப்பான் தம்பி, நல்லாக் கேக்கறியே.

எனக்கு அந்த கலங்கர வெளக்கம் ஒண்ணு புடிச்சிது. கப்பலே வராத தீவுல ஒரு பொண்ணு வெளக்கு ஏத்திகினு இருப்பாளே. பன்னெண்டே எபிசோடு. அத நீ பாக்கலியா? பாரு. சண்ட கம்மி, பேச்சும் கம்மி. ஆனா ஏழாவத சாப்பிடறப்ப பாக்காத, சோறு எறங்காது. நீ ஒண்ணு சொல்லேன். இன்னா? பேயா? பேயி பேக்கரில வேலைக்கு சேந்து பன்னு சுடுதா? பேரு இன்னா சொன்ன? சத்தமா சொல்லு தம்பி, இந்த பஸ்ஸு எரைச்சல்ல காதுல ஒண்ணும் வுழல. இன்னும் கொஞ்சம் சத்தமா. ஆங், நடுராத்திரி பன்னு. சரி, பாத்துடுவோம்.

வடக்கனந்தல் வந்துடுச்சி பாரு. நீ வெள்ளிமலதான? தெனமும் போய் வர்றியா? ஓ, அங்கயே ரூமு, சனி ஞாயிறு மட்டும் திருக்கோவிலூரு. சரி சரி.

இன்னாத்துல வுட்டேன்? ஆங், சின்னப்பொண்ணு. அவளுக்கு மாப்ள பாக்க ஆரம்பிச்சாங்க தம்பி. மொத வந்தவன் நல்ல உத்தியோகம், நல்ல ஒசரம். மாடியில போய் ரெண்டு பேரும் தனியாப் பேசுங்கன்னு அனுப்பி வெச்சோம். வேல முடிஞ்சி வந்தா இன்னா பண்ணுவன்னு கேட்டுக்கீறான். அனிமே பாப்பேன்னு இவ சொல்லிக்கீறா. அதெல்லாம் டவுசர் போட்ட பசங்க பாக்கறது, கல்யாணம் ஆனா வுட்றணும்னு சிரிச்சானாம். சரி வுட்றேன்னு சொல்லிட்டுக் கீழ எறங்கி வந்தா. அவனத்தான் வுட்டா.

ரெண்டாவது வந்தவன் முன்னாடியே விசாரிச்சிகினு வந்துட்டான். நான் எல்லாம் பாத்துக்கீறேங்க, பதினாறு கை மூணு வாட்டி பாத்தேங்கன்னான். எனக்கே சந்தோசமாப் போச்சி. இவ மொகத்த மாத்தாம, கடேசி ஆளோட அக்கா கல்யாணம் எந்த எபிசோட்ல வரும்னு கேட்டா. அவன் கொஞ்சம் யோசிச்சிட்டு, அஞ்சாவதுன்னு சொன்னான். அன்னிக்கு அழுதுட்டேங்கன்னு வேற சொன்னான். சிரிக்கற பாரு. ஆமா, அவனுக்கு ஏது அக்கா? அம்மா அப்பாவே கெடையாதே.

ஆனா நம்ம சிரிக்கலாம், எங்கண்ணனால சிரிக்க முடியல. படத்துல கேள்வி கேட்டு மாப்ள எடுக்கறாளாம்னு ஊர்ல பேச்சி ஆயிடுச்சி. கரும்பு வெட்டற எடத்துல ஆளுங்க அவன் காதுபடவே பேசிச் சிரிச்சிக்கீறாங்க. வூட்டுக்கு வந்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். அடுத்து வர்றவன் முன்னாடி அவ வாயத் தொறக்கக்கூடாது, காபியக் குடுத்துட்டு உள்ள போயிடணும். இல்லன்னா அந்தப் போன் அடுப்புக்குப் போவும். சும்மா மெரட்றான்னு நெனைக்காத, அவன் செய்வான்.

அன்னிக்கு அவ சாப்புடல. நான்தான் கேட்டேன், ஏண்டி, ஒரு படத்துக்காவ வாழ்க்கைய வெச்சி வெளையாடறியேன்னு. அதுக்கு அவ சொன்னது இன்னிவரிக்கும் எனக்கு மறக்கல தம்பி. அத்த, எனக்குப் புடிச்சது அவனுக்குப் புடிக்கணும்னு இல்ல, நான் அழுவறப்ப பக்கத்துல சிரிக்காம உக்காந்திருந்தாப் போதும்னா. எங்க வூட்டுக்காரரு கூட நான் முப்பத்திரண்டு வருசம் இருந்துட்டேன். இப்டி ஒண்ணு கேக்கலாம்னே எனக்குத் தோணினது இல்ல.

வுடு, அது கெடக்கட்டும். உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். கடேசி போட்டில, ஆளுக்கு ஒண்ணு ஜெயிச்சி மூணாவது இழுக்கறப்ப, இன்னும் அர அடிதான், ஜெயிச்சிடுவானுங்க. அப்ப அந்தக் கடேசி ஆளு கயித்த வுட்டுட்டான். எட்டு பேரும் வுழறானுங்க, இஸ்கூல மூடிடறாங்க. அவன் ஏன் வுட்டான்? சின்னப்பொண்ணு இன்னா சொல்றான்னா, எதிர்ல இருந்த பையன் கையி கயித்துல மாட்டிக்கிச்சி, அதப் பாத்துட்டு வேணும்னே வுட்டான்றா. அவங்க வாட்சப் குரூப்புல நாப்பது பேரு, மூணு மாசமா இதே சண்ட.

நீ இன்னா சொல்ற? பயப்படாம சொல்லு.

முடியலன்னு வுட்டானா?

இரு, மெல்ல சொல்லு. அவன் தோளு எட்டாவது எபிசோட்லயே போயிடுச்சி. அத யாராண்டயும் சொல்லல. கடேசில நிக்கறவன் வலிக்குதுன்னு சொன்னா முன்னாடி இருக்கற ஏழு பேரும் பயந்துடுவானுங்க. அதனால சிரிச்சிகினே நின்னான். அப்றம் கையி தானாத் தொறந்துகிச்சி. நல்லவன்னு காட்றதுக்கு வுடல, அவனால ஆவல. அதத்தான் ஒருத்தரும் மன்னிக்கலன்ற.

ம். நான் அப்டி நெனச்சிப் பாக்கல.

அழுதியா நீ? ரூமு கதவ சாத்திகினா? சரி, நீயாவது ஒத்துகினியே. வூட்ல தெரியாதா? டிபார்ட்மெண்டு பரீச்சைக்குப் படிக்கறன்னு அம்மா நெனச்சிகினு இருக்காங்களா? நல்ல புள்ளப்பா நீ. இன்னாது, வர்ற ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறியா? யாரு கேட்டாலும் நியூஸ் மட்டும்தான் பாப்பேன்னு சொல்லணும்னு இருக்கியா? அந்தப் பொண்ணு பாவம், நியூஸ் பாக்கறவன் கூட எப்டி காலம் தள்ளும். ஏன், பொண்ணு வூட்ல சிரிப்பாங்கன்னு பயமா?

கச்சிராயபாளையம் வரப் போவுது, நான் எறங்கணும். கொஞ்சம் காலத் தள்ளிக்குங்க.

இல்ல தம்பி, ங்க போட்டுத்தான் பேசணும் இனிமே. மாப்ளன்னு கூப்புட இன்னும் உரிம வரல. வூட்ல நாங்க சின்னப்பொண்ணுன்னுதான் கூப்புடுவோம், உங்க வூட்டுக்கு வந்த ஜாதகத்துல இசைவாணின்னு இருக்கும். ஏன் இப்டி வேர்க்குது உங்களுக்கு, காத்து நல்லாத்தான வருது.

நீங்க திங்கக்கெழம காலைல இந்த பஸ்ஸுல ஏறுவீங்கன்னு தரகர்தான் சொன்னாரு. போட்டால பாத்தத வுட நேர்ல கொஞ்சம் கறுப்புதான், பரவால்ல. நீ கேக்கக்கூடாதுன்னுதானடி உங்கப்பன் சொன்னான், அத்த கேக்கக்கூடாதுன்னு சொல்லலியேன்னு அவளாண்ட சொல்லி இட்டுகினு வந்தேன். பேச்சு சரியாப் போவலன்னா வெள்ளிமலயில தேன் இன்னா வெலன்னு கேட்டுட்டு எறங்கியிருப்பேன்.

ஞாயித்துக்கெழம வாங்க. அவ தல குனிஞ்சி காபி குடுப்பா, ஒண்ணும் கேக்க மாட்டா. எங்கண்ணன் எதிர்ல நீங்களும் நியூஸே பாருங்க.

யாரத் தேடறீங்க? முன்னாடி இல்ல. உங்களுக்கு நேர் பின் சீட்டு, மொகத்த துப்பட்டால மூடிகினு இருக்கறவ. கள்ளக்குறிச்சி ஸ்டாண்டுலருந்தே அங்கதான் உக்காந்திருக்கா. நீங்க சொன்னது தப்புன்னு சொல்ல அவளுக்கு நாக்கு துடிக்கும், எனக்குத் தெரியும். ஆனா அத கேட்டதுலருந்து கண்ணத் தொடச்சிகினு இருக்கா.

கண்டக்டரே, ஆள் எறங்கணும். ரெண்டு பேரு.