முதுகை மறைத்த சிரிப்பு

படத்தொகுப்புப் பிரிவின் தலைமைப் பொறுப்பிலிருந்து பணி நிறைவு பெறும் எங்கள் கத்தரி அக்காவுக்கு, உடன் உழைத்தோர் உளமுவந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

வேண்டாததை வெட்டி வேண்டியதை ஒட்டும் வித்தையைக் கற்றவரே, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தும் நிதானத்தைப் பெற்றவரே, பேச்சாளர்களின் இருமலையும் பிரமுகர்களின் கொட்டாவியையும் எங்கள் அனைவரின் அவசரத்தையும் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, ஊர் பார்க்கத் தக்கதை மட்டும் ஊருக்கு அனுப்பிவைத்த எங்கள் அன்பு அக்காவே, வணக்கம்.

இந்த மடலைத் தங்களிடம் முன்கூட்டியே காட்டவில்லை. காட்டியிருந்தால் பாதியை வெட்டிவிட்டு மீதியையும் சுருக்கச் சொல்லியிருப்பீர்கள். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடும் பழக்கமும் தங்களுக்கு உண்டு. ஆகவே இந்த வணக்கத்தோடு தங்களை விட்டுவிட்டு அவையோர் பக்கம் திரும்புகிறோம். யாரோ ஒருவரைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக்கொண்டு தாங்கள் உட்கார்ந்து கேட்கலாம்.

அவையோரே, இத்தகைய மடல்களில் பணியாண்டுகளையும் பண்புநலன்களையும் பத்தி பத்தியாக அடுக்குவது மரபு. நாங்களும் அடுக்கிப் பார்த்தோம். கடமை, கண்ணியம் வரைக்கும் கை தடையின்றி ஓடியது. பொறுமை என்று எழுதியதும் எங்களில் ஒருவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். அக்காவிடம் வேலை கற்ற எவரும் அந்தச் சொல்லுக்குச் சாட்சி சொல்ல முன்வரமாட்டார்கள். எனவே அடுக்குவதை விட்டுவிட்டு, நடந்த ஒன்றைச் சொல்கிறோம். அதில் பாதியை எங்களில் மூத்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். மீதியை அக்கா தேநீர் வேளைகளில் தவணை முறையில் சொல்லியிருக்கிறார்.

சொர்க்கத்தின் வாசலை ஓர் அலுவலகமாக வைத்து எழுதப்பட்ட நையாண்டி நாடகம் அது. இறந்துபோனவர்கள் மனுவோடு வரிசையில் நிற்பார்கள். முதல் காட்சியில் ஒன்றாகச் செத்துப்போய் வந்த கணவனும் மனைவியும், கிளம்பும்போது கேஸ் அடுப்பை அணைக்காமல் வந்தது யார் என்று சண்டை போடுவார்கள். பிற்பாதியில் வரிசை முழுவதும் கைகூப்பி வேண்டிக்கொள்ளும்போது, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குறட்டைச் சத்தம் வரும். கடவுள் தூங்குகிறார் என்று குமாஸ்தா சொல்வார். அரங்கில் நடந்த வரைக்கும் அதைப் பற்றி யாரும் பெரிதாக வாய் திறக்கவில்லை. நம் நிலையம் அதைப் பதிவுசெய்து ஒளிபரப்பிய பிறகுதான் தீப்பற்றிக்கொண்டது.

அந்தப் பதிவைத் தொகுத்தவர் அக்கா. மேடையைப் பார்க்க இரண்டு கேமராக்களும் சபையைப் பார்க்க ஒன்றும் வைத்திருந்தார்கள். குறட்டைக் காட்சி வந்த நேரம் பார்த்து ஒரு மேடைக் கேமராவில் டேப் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மற்றொன்றின் முன்னால் யாரோ ஒருவர் எழுந்து நடந்ததில், முதுகு ஒன்று திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு போயிற்று. அக்கா திட்டிக்கொண்டே அந்த முதுகை வெட்டிப்போட்டார். கிழிசல் விழுந்த இடத்தில் ஒட்டுப் போட்டாக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் சபையிலிருந்து சிரித்த முகம் ஒன்றை எடுத்து வைப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை.

சபைக் கேமராவின் பதிவில் ஒரு பெண்மணி இருந்தார். கேஸ் சண்டைக்கு வாயைப் பொத்தி, பொத்திய கை நழுவி, தோள் குலுங்கக் கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தார். அவ்வளவு நல்ல சிரிப்பு அந்த அரங்கில் வேறு யாரிடமும் இல்லை. அக்கா அதை எடுத்துக் குறட்டையின் மேல் வைத்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது.

ஒளிபரப்பான மறுநாளே நிலைய வாசலில் கூட்டம் சேர்ந்தது. நாடகத்தைப் பார்த்தவர்களும் வந்தார்கள், பார்க்காதவர்கள் அதைவிட அதிகமாக வந்தார்கள். பெயர்ப் பலகையின் கண்ணாடி நொறுங்கியது. தொலைபேசிப் பொறுப்பில் இருந்த பெண் வசவுகளைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு அழுதார். நாடகம் எழுதியவர் மச்சான் வீட்டில் போய் ஒளிந்துகொண்டார். நாங்கள் பின்வாசல் வழியாக வேலைக்கு வந்துபோனோம். உண்மையில் மனம் புண்பட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் அக்காவே கோபித்துக்கொள்வார்.

அந்தக் கூட்டத்தில் சேராத ஒரு பெண்மணி, காலையிலிருந்து வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தையற்கடை வைத்திருப்பவர். வழிபாட்டுக் கூடத்தில் முன்வரிசையில் நின்று பாடுகிறவர். படத்தைத் தொகுத்தவரைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அக்கா இறங்கி வந்ததும் அந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். ஓடவிட்டு ஓடவிட்டுப் பார்த்த முகம். சிரிக்காதபோது அது எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தார்.

“நாடகத்த நிறுத்துங்கன்னு கேக்க வரலம்மா. அது உங்க பாடு. அந்த எடத்துல நான் சிரிக்கல. அத மட்டும் சொல்லிடுங்க,” என்றார் தையற்காரர்.

அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கூடத்துல எம்பக்கத்துல நின்னு பாட யாரும் வரமாட்டேங்கறாங்க. தைக்கக் குடுத்த துணியெல்லாம் வெட்டறதுக்குள்ள திருப்பி வாங்கிட்டுப் போறாங்க. அதக்கூட விடுங்க. எங்க வீட்டுக்காரரே, டிவியில பல்லு தெரியுதே, நீ சிரிக்கலன்னா வேற யாரு சிரிச்சாங்கறாரு.”

“குறட்டைச் சத்தம் வந்தப்ப நீங்க என்ன பண்ணீங்க?”

“அந்தச் சத்தம் கேட்டதும் எந்திரிச்சு வெளிய போயிட்டேன். எம் பையன் படுத்த படுக்கையா கெடந்தப்போ, சாமி தூங்கறாரோன்னு எனக்கும் தோணியிருக்கு. அத நாலு பேரு சிரிக்கறப்ப ஒக்காந்து கேக்க முடியலம்மா.”

அக்கா மாடிக்குப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூலப் பதிவுகளை ஓடவிட்டார். சபைக் கேமராவில் குறட்டை தொடங்கிச் சற்றுப் போனதும் அந்த நாற்காலி காலியாக இருந்தது. பிறகு மேடைக் கேமராவின் பதிவை எடுத்தார். திட்டிக்கொண்டே வெட்டிப்போட்ட அந்த முதுகில் ஒரு பச்சைச் சால்வை கிடந்தது. சிரித்த முகத்தின் தோளில் கிடந்த அதே பச்சைச் சால்வை. மனம் பொறுக்காமல் எழுந்து போன ஒருவரின் முதுகை வெட்டி எறிந்துவிட்டு, அந்த ஓட்டையை அவருடைய சிரிப்பை வைத்தே அடைத்திருந்தார். தன் கையே தனக்கு அருவருப்பாக இருந்தது என்று அக்கா எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அன்றைய நிலைய இயக்குநர் இன்று இந்த விழாவின் சிறப்பு விருந்தினராக முன்வரிசையில் வீற்றிருக்கிறார். அடுத்து வருவதைக் கேட்டு அவர் சங்கடப்படமாட்டார் என்று நம்புகிறோம். பட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாவம், அவருக்கு அப்போது நாலா பக்கமும் நெருக்கடி. சமாதானத்துக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

“மறு ஒளிபரப்பு பண்ணத்தான் போறோம். குறட்டைய மட்டும் சத்தமில்லாம எடுத்துடுங்க. வாசல்ல நிக்கறவங்க கலைஞ்சு போயிடுவாங்க.”

“அந்தச் சிரிப்பு, சார்?”

“அத எதுக்கு இப்பக் கெளர்றீங்க? ஒரு எடத்துல மாத்தி வெச்சோம்னு நாமளே சொன்னா, மொத்தமும் பொய்யின்னுடுவாங்க. வக்கீலும் வாயத் தொறக்கவே கூடாதுன்னுட்டாரு.”

“குறட்டை நாடகக்காரர் எழுதினது சார். புடிக்காதவங்க பாக்காம இருக்கட்டும், திட்டி எழுதட்டும், கோர்ட்டுக்குப் போகட்டும். அத வெட்ட எனக்கு உரிமை இல்ல. சிரிப்பு நான் வெச்சது. நடந்தத எடுத்துட்டு, நடக்காதத விட்டு வைக்கச் சொல்றீங்க. அது என்னால முடியாது.”

“வேலைக்கே ஆபத்து வரும்.”

“வரட்டும் சார். அந்தம்மாவுக்கு அவங்க வீட்டுக்குள்ளயே வந்துடுச்சு.”

கடைசியில் இயக்குநர், நிலையத்தின் சார்பில் ஒரு வார்த்தையும் வராது, வேண்டுமானால் உங்கள் முகத்தோடு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். அந்த அனுமதியைக் கொடுக்க அவருக்கும் துணிச்சல் வேண்டியிருந்தது. அதற்காக அவருக்கு இந்த அவையில் எங்கள் நன்றி.

அக்கா தொகுப்பறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேமராவைப் பார்த்துப் பேசினார். “நாடகத்த ஒரு எடம் விடாம போடறோம். அதுக்கு நான் மன்னிப்பு கேக்கல. ஆனா போன தடவ, குறட்டை கேக்கறப்போ ஒரு அம்மா சிரிச்ச மாதிரி காட்டினேன். அவங்க அங்க சிரிக்கல. எந்திரிச்சுப் போனாங்க. வேற எடத்துச் சிரிப்ப எடுத்து அங்க வெச்சது நான்தான். அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கறேன்.” அவ்வளவுதான் பேச்சு. பிறகு நாடகம் ஓடியது. கேஸ் சண்டையின்போது அந்தச் சிரிப்பு அதன் சொந்த இடத்தில் வந்தது. குறட்டை கேட்டபோது பச்சைச் சால்வை போர்த்திய ஒரு முதுகு திரையை மறைத்து, மெல்ல நகர்ந்து வெளியே போயிற்று. அக்கா அதில் ஒரு நொடியைக்கூடக் குறைக்கவில்லை.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு ஒட்டுவேலையாகிவிடும். வாசலில் நின்றவர்கள், எல்லாமே ஜோடனை என்று இவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்று கத்தினார்கள். நாடகக்காரர்கள், கூட்டத்துக்குப் பணிந்துவிட்டார் என்று அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலை போகவில்லை. ஆனால் அக்காவைத் தரைத்தளத்துக்குக் கீழே, பழைய டேப்புகள் அடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். இயக்குநர் மாறும்வரை பல ஆண்டுகள் அங்கே இருந்தார். துணிகளைத் திருப்பி வாங்கிய வாடிக்கையாளர்களில் சிலர் தையற்கடைக்கு மீண்டும் வந்தார்கள், சிலர் வரவேயில்லை. மறு ஒளிபரப்பு முடிந்ததும் நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. “பாத்தேம்மா. அவரும் பக்கத்துல ஒக்காந்து பாத்தாரு,” என்று சொல்லிவிட்டுத் தையற்காரர் வைத்துவிட்டார். நன்றி என்று சொல்லவில்லை. அதற்கு அவர் கடமைப்பட்டவரும் அல்ல என்பது அக்காவின் கட்சி.

இனித் தங்கள் பக்கம் திரும்புகிறோம், அக்கா. தாங்கள் மாடிக்குத் திரும்பி வந்து எங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த நாள் முதல், எங்கள் பிரிவில் சிரிப்பை யாரும் இடம் மாற்றுவதில்லை. அழுகையையும் அப்படித்தான். படத்தில் ஓட்டை விழுந்தால் ஓட்டையாகவே விட்டுவிடுகிறோம். மற்ற நிலையத்தார் எங்களைக் கைவேலை தெரியாதவர்கள் என்று கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

தையற்காரரை இந்த விழாவுக்கு அழைத்தோம். “வர்றேன். ஆனா என்னப் படம் புடிக்காதீங்க,” என்றார். இதோ, இந்த அவையில்தான் எங்கோ ஒரு நாற்காலியில் இருக்கிறார். எந்த நாற்காலி என்று சொல்லமாட்டோம். சபைக் கேமரா இன்று உறையோடு மூலையில் நிற்கிறது.

கண்ணொளி மங்காமல், கைவிரல் நடுங்காமல், கோபமும் குறையாமல், நெடுங்காலம் நலமோடு வாழ்ந்திட வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறோம். தாங்கள் கும்பிடுகிறவரா இல்லையா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. எங்களில் கும்பிடுகிறவர்கள் தங்களுக்காகக் கும்பிடுவார்கள், மற்றவர்கள் அடிக்கடி வந்து பார்த்துக்கொள்வார்கள். இந்த விழாவின் பதிவை நாங்கள்தான் தொகுக்கப்போகிறோம். இன்று முழுக்கத் தாங்கள் ஒரு முறைகூடச் சிரிக்காமல் இருந்தால், படத்திலும் சிரிக்காமலே இருப்பீர்கள். இப்போது எழுந்து போய்விட்டால், முதுகைக் காட்டுவோம்.

இப்படிக்கு,
வெட்டவும் கற்று, வெட்டாமல் விடவும் தங்களிடமே கற்ற
படத்தொகுப்புப் பிரிவு ஊழியர்கள்